வீரபாண்டி: நெடுஞ்சாலையிலிருந்து ஆற்றங்கரை வரை

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில், முல்லைப் பெரியாற்றின் கரையில் இருக்கிறது வீரபாண்டி. அரசுக் கணக்கில் இது ஒரு பேரூராட்சி. ஆண்டின் பெரும்பாலான நாட்களில், பேருந்து ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிடும் சிற்றூர். சித்திரை மாதக் கடைசிச் செவ்வாய் தொடங்கி எட்டு நாள் மட்டும் இரவு பகல் தெரியாத நகரமாகிவிடும். இரண்டு ஊர்களும் இருப்பது அதே தெருக்களில்தான். வண்டியில் கடந்து போகிறவருக்கு இரண்டில் ஒன்றும் பிடிபடாது. இறங்கி நடந்தால் அரை நாளில் பார்த்துவிடலாம்.

நடை தொடங்க வேண்டிய இடம் நெடுஞ்சாலை. திண்டுக்கல்லிலிருந்து குமுளி வழியாகக் கேரளத்துக்குள் போகும் பாதை இது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் இரவெல்லாம் ஓடும். ஆற்றில் குளித்து அம்மனைக் கும்பிட்டுப் போவதற்காக ஐயப்ப பக்தர்கள் இங்கே வண்டியை நிறுத்துவார்கள். அந்த நாட்களில் டீக்கடை வாசலில் தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்த மொழிகள் புதியவை அல்ல. கம்பம் ஒக்கலிகர் வீடுகளில் கன்னடமும், பல கம்மவார் வீடுகளில் தெலுங்கும் பேச்சுமொழியாகத் தலைமுறைகளாக இருந்து வருகின்றன. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் ராவுத்தர் தெருக்கள் உண்டு. ராயப்பன்பட்டி கத்தோலிக்கர் நிறைந்த ஊர். ஒரே ஆறு பாயும் பள்ளத்தாக்கில் இவ்வளவு பேர் வந்து தங்கியதற்கு அந்த ஆறே முதல் காரணம். மலைக்கணவாய்கள் வழியாக நடந்த வியாபாரம் அடுத்த காரணம்.

சாலையிலிருந்து சிறிது தூரத்தில் கௌமாரியம்மன் கோயில். கண்பார்வை இழந்த வீரபாண்டியன் என்ற பாண்டிய மன்னன், இங்கே அம்மனை வழிபட்டு ஒரு கண்ணிலும், கண்ணீஸ்வரரை வழிபட்டு மறு கண்ணிலும் பார்வை பெற்றதாகத் தலபுராணம் சொல்கிறது. ஊர்ப் பெயரும் அந்த மன்னன் பெயரால் வந்தது என்பார்கள். கதை எப்படியிருந்தாலும், அம்மை, கண்நோய் என்று வேண்டிக்கொண்டு வருகிற கூட்டம் இன்றும் குறையவில்லை.

திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பே கோயிலில் கம்பம் நட்டுவிடுவார்கள். மூன்று கிளை உள்ள அத்தி மரக் கொம்பு அது, சிவனாகவே பாவிக்கப்படுவது. அன்று முதல் ஆற்றில் குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து, வேப்பிலை போட்டுக் கம்பத்துக்கு ஊற்றும் பெண்களின் வரிசை நீளும். வெயில் கொளுத்தும் மாதம். ஆனால் கம்பத்தைச் சுற்றிய தரை காய்வதே இல்லை. மஞ்சள் நீரும் வேப்பிலையும் சேறும் காலடியில் மிதிபடும். ஆற்றுக்கும் கோயிலுக்கும் நடுவே உள்ள அந்தச் சிறு தூரமே வீரபாண்டியின் நடுவீதி. ஊரைத் தெரிந்துகொள்ள அங்கே ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

திருவிழா எட்டு நாளும் அதே வழியில் தீச்சட்டி வரும், ஆயிரங்கண் பானை வரும், அலகு குத்தியவர்கள் வருவார்கள். எல்லாவற்றையும்விடக் கண்ணில் நிற்பது சேறு பூசும் நேர்த்திக்கடன். தலை முதல் கால் வரை சேற்றை அப்பிக்கொண்டு, வேப்பிலையைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களில் யார் முதலாளி, யார் கூலிக்காரர், யார் எந்தத் தெரு என்று சொல்ல முடியாது. வெயிலில் காய்ந்த சேறு வெளுத்து வெடித்து, முட்டியிலும் முழங்கையிலும் முதலில் உதிரும். நேர்த்தி முடிந்து ஆற்றில் முழுகிக் கரையேறும்போதுதான் முகம் திரும்ப வரும். சாதிப் பிரிவை இந்தச் சேறு கழுவிவிடுகிறது என்று எழுதுவது எளிது. ஆனால் மண்டகப்படி உரிமையும் மரியாதை வரிசையும் அதே கோயில்களில் எவ்வளவு கவனமாகக் காக்கப்படுகின்றன என்பதைத் தென்மாவட்டக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை தேரோட்டம். அடுத்த செவ்வாய் ஊர்ப்பொங்கலோடு விழா முடியும். இடைப்பட்ட நாட்களில் ராட்டினம், வளையல் கடை, அல்வா, சேவு, பேரீச்சம்பழக் குவியல் என்று வெளித்தெரு முழுக்கச் சந்தைதான். தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் கலந்திருப்பார்கள். தோட்டக் கூலியில் ஒரு பங்கு இந்த வாரச் செலவுக்கென்று ஒதுங்கிவிடும்.

ஆற்றங்கரைக்கு வந்தால் ஊரின் இன்னொரு கணக்கு தெரியும். 1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு, மேற்கே ஓடிக் கடலில் கலந்த தண்ணீரில் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இந்தப் பக்கம் திரும்பியது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்தத் தண்ணீரால்தான். வீரபாண்டி அந்த ஆயக்கட்டின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. இங்குள்ள தடுப்பணையில் விடுமுறை நாட்களில் குளிக்கிற கூட்டம் இருக்கும். தண்ணீர் திறப்பு கூடியிருந்தால் இழுப்பு பலமாக இருக்கும். உள்ளூர்க்காரர் இறங்காத இடத்தில் இறங்காமல் இருப்பது நல்லது.

கண்ணீஸ்வரமுடையார் கோயில் அம்மன் கோயில் அளவுக்குக் கூட்டம் பார்க்காதது. தலபுராணத்தின் பாதி இங்கேதான் நடக்கிறது என்றாலும், வருகிறவர்களில் பலர் இதைப் பார்க்காமலே பேருந்து ஏறிவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் தென்னையும் வாழையும் நெல் வயலும். பெரியாறு அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் முதல் வாரத்தில் தண்ணீர் திறப்பார்கள்; திருவிழாப் பந்தல் பிரித்த சில வாரத்தில் நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் சித்திரைக் கடைசியில், தேரோட்ட வெள்ளிக்கு முந்தைய இரவில் வரலாம். அப்போது போக்குவரத்தை வேறு பாதையில் திருப்பிவிடுவதால் கடைசித் தூரத்தை நடந்தே ஆக வேண்டும். ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஆடி மாதம் ஏதாவது ஒரு புதன்கிழமை காலை போதும்.