ஆயிரம் ஆட்டுக்குப் பத்துக் கறுப்பு

அமெரிக்காவில் எதற்கெடுத்தாலும் காசு கேட்பார்கள் என்ற எண்ணத்தோடுதான் போயிருந்தேன். வண்டி நிறுத்தக் காசு, பூங்காவுக்குள் நுழையக் காசு, கூடாரம் போட இடம் கேட்டால் அதற்கும் ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று காசு. ரீனோவில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அத்தை, ஒரு பைசா செலவில்லாம, யார்கிட்டயும் அனுமதி கேக்காம, மனுச நடமாட்டமே இல்லாத இடத்துல படுத்துத் தூங்கலாம், வர்றீங்களா?" என்று கேட்டாள். முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு பயம் வந்தது. ரெண்டு பொம்பளைகள் பொட்டல்காட்டில் ராத்தங்குவதாவது!

"கவர்மெண்ட் நிலம்தான் அத்தை. நம்மூர் மேய்க்கால் புறம்போக்கு மாதிரின்னு வெச்சுக்கங்க" என்றாள்.

எங்கள் ஊர் மேய்க்காலை அவள் பார்த்ததில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே அதில் பாதி சீமைக்கருவேலங்காடாகிவிட்டது, மீதிப் பாதியில் கட்டடங்கள் வந்துவிட்டன. என் அப்பா கீதாரி. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வருசா வருசம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ச் சீமை வரைக்கும் போய், வயல் வயலாகக் கிடை போட்டவர். அந்தப் புறம்போக்கில் நான், குட்டிகளை அடைக்கும் கொடாப்புக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். அதனால் அவள் சொன்ன உவமை எனக்குள் எங்கேயோ தைத்தது. சரி, வர்றேன் என்றேன்.

நெவாடாவின் நிலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் மத்திய அரசுக்குச் சொந்தம். அதில் பெரும்பகுதி, சுமார் 4.8 கோடி ஏக்கர், நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் இருக்கிறது. பி.எல்.எம். என்பார்கள். தமிழ்நாடு முழுவதுமே 3.2 கோடி ஏக்கர்தான். இவ்வளவு நிலம் எப்படி மிச்சமானது என்று எனக்குக் குடைந்துகொண்டே இருந்தது. 1862-ல் வந்த குடியேற்றச் சட்டப்படி, நிலத்தில் குடியிருந்து பயிர் செய்கிறவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பள்ளத்தாக்குகளில் ஆண்டுக்குப் பத்து அங்குல மழை பெய்தாலே அதிகம். தண்ணீர் இருந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு, மற்றதை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மேய்ச்சலால் அது கட்டாந்தரையாகிப் புழுதி பறந்த காலத்தில், 1934-ல், டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. 1946-ல் மேய்ச்சல் துறையையும் பழைய நிலத்துறையையும் ஒன்றாக்கி பி.எல்.எம்.மை உண்டாக்கினார்கள். ஒருவரும் வேண்டாம் என்று விட்டுப்போன நிலத்தில்தான் இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போய்ப் படுக்கலாம்.

யுரேகா என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலையை விட்டு மண்பாதையில் இறங்கினோம். ஒரு மலைத்தொடர், ஒரு பள்ளத்தாக்கு, மறுபடி ஒரு மலைத்தொடர். எல்லாம் வடக்குத் தெற்காக. இங்கே பெய்கிற மழை எந்தக் கடலுக்கும் போய்ச் சேருவதில்லை. நடுவிலேயே தேங்கி உப்பாகக் காய்ந்துவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் சேஜ்பிரஷ் புதர்தான். சாம்பல் பச்சை இலை. கையில் கசக்கினால் கற்பூரத்தையும் வேப்பிலையையும் சேர்த்து அரைத்தாற்போல ஒரு காட்டம்.

போகிற வழியெல்லாம் அண்ணன் மகள் விதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பெரும்பாலும் ஒரே இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் தங்கக்கூடாது. ஏற்கெனவே ஆட்கள் தங்கிய இடத்திலேயே கூடாரம் போட வேண்டும். தண்ணீர் கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது, கழிப்பிடம் கிடையாது. வெளிக்குப் போக நீர்நிலையிலிருந்து இருநூறடி தள்ளி, ஆறிலிருந்து எட்டங்குலம் வரை குழி தோண்டி மூட வேண்டும். நீர்க்குண்டிலிருந்து நூறு கஜத்துக்குள் முகாம் போட்டு மிருகங்களைத் தண்ணீர் குடிக்க விடாமல் செய்வது நெவாடாவில் குற்றம். இந்தக் கடைசிச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டுக்கும் மானுக்கும் முதல் தண்ணீர் என்று ஒரு அரசாங்கம் எழுதிவைத்திருக்கிறதே!

அக்டோபர் மாதம். பொழுது சாய்ந்ததும் குளிர் எலும்பில் இறங்கியது. இருந்த துணியெல்லாம் போட்டுக்கொண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை. காது மட்டும் விழித்திருந்தது. எந்தச் சத்தமும் இல்லாதபோது காது தானாகவே சத்தங்களை உண்டுபண்ணிக்கொள்கிறது. யாரோ நடக்கிறார்கள், யாரோ மூச்சுவிடுகிறார்கள். இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று என்னையே திட்டிக்கொண்டேன். விடியும்போது போத்தலில் தண்ணீர் உறைந்திருந்தது.

அப்போதுதான் குரைப்புச் சத்தம் கேட்டது. கன்றுக்குட்டி அளவில் ரெண்டு வெள்ளை நாய்கள் கூடாரத்துக்கு எதிரே நின்று அடிவயிற்றிலிருந்து குரைத்தன. "எந்திரிக்காதீங்க, காவல் நாய்" என்றாள். கிரேட் பிரனீஸ் என்ற ஜாதி. குட்டியிலேயே மந்தையில் விட்டு ஆட்டோடு ஆடாக வளர்ப்பார்கள். ஓநாய்க் குணமுள்ள கயோட்டியையும் மலைச்சிங்கத்தையும் விரட்டுவது இவைதான். நாய்களுக்குப் பின்னால் மணிச்சத்தம். அதற்கும் பின்னால், புதர்களை நிரப்பிக்கொண்டு ஆடுகள். செம்மறி! எங்கள் கூடாரத்தின் ரெண்டு பக்கமும் பிரிந்து, உரசிக்கொண்டு போயின. அந்த வீச்சம் மூக்கில் ஏறியதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எத்தனையோ வருசம் ஆகியிருந்தது.

அண்ணன் மகளுக்கோ கோபம். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? காடுன்னு நெனச்சு வந்தா இங்கயும் மந்தையை விட்டிருக்காங்க" என்றாள். சும்மா சொல்லவில்லை, காரணங்களை அடுக்கினாள். வீட்டு ஆட்டிடமிருந்து நிமோனியா தொற்றிப் பெருங்கொம்புக் காட்டாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்திருக்கின்றன. மந்தைகள் மிதித்து நாசமாக்கிய இடத்தில் சீட்கிராஸ் என்ற வெளிநாட்டுப் புல் நுழைந்து, சீக்கிரம் காய்ந்து, காட்டுத்தீயை வளர்க்கிறது. இந்த ஆடுகளே இங்கே இருக்கக்கூடாது என்றாள்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "உங்கப்பன் இன்ஜினியரிங் படிச்சதே மந்தையில நாப்பது உருப்படியை வித்துத்தான். உன் தாத்தா முன்னாடி போய் இப்படிச் சொல்லியிருப்பியா?" என்றேன்.

"நான் ஆட்டைப் பத்திச் சொல்றேன். நீங்க ஏன் தாத்தாவை இழுக்குறீங்க?"

"ஆட்டையும் தாத்தாவையும் எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாதுடி."

வெகுநேரம் பேசவில்லை. அவள் தனியாக ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் சொன்ன செய்திகள் எல்லாம் உண்மை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் அந்தக் காலையில் நான் கேட்டது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மேய்ப்பர் மத்தியானத்துக்குமேல் குதிரையில் வந்தார். நாய்கள் பயமுறுத்தியதற்கு வருத்தம் சொல்ல வந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, உருண்டை முகம், குளிரில் வெடித்த கன்னம். வெள்ளைக்கார கௌபாயை எதிர்பார்த்த எனக்கு, எங்கள் ஊர்ச் சந்தையில் பார்க்கிற ஆள் மாதிரி ஒருவர் வந்து நின்றது ஆச்சரியம். பெரு நாட்டுக்காரர், வான்காயோ பக்கம். அண்ணன் மகள் கல்லூரியில் படித்த ஸ்பானிஷை வைத்து, கோபம் தணியாமலே மொழிபெயர்த்தாள். நான் சொல்லச் சொன்னது ஒன்றுதான்: நான் ஆட்டுக்காரர் மகள். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, ராத்திரி சாப்பிட வாருங்கள் என்றார்.

அவருடைய வீடு சக்கரத்தின்மேல் இருந்தது. வளைந்த கூரை போட்ட மேய்ப்பர் வண்டி. ரெண்டு துண்டாகத் திறக்கிற கதவு. நாய்ச் சத்தம் கேட்கவேண்டும் என்பதற்காகக் குளிரிலும் மேல்பாதியைத் திறந்தே வைத்துத் தூங்குவாராம். வாசலை ஒட்டி இரும்பு அடுப்பு, உள்ளே குறுக்காக ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தால் வருகிற மேசைப்பலகை. அதில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வெந்த குழம்பு, சோறு, போத்தலில் மஞ்சள் மிளகாய் அரைத்த விழுது. நான் எலுமிச்சை ஊறுகாய் டப்பாவைத் திறந்து வைத்தேன். அவர் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு துண்டு எடுத்தார். தண்ணீரும் சாமானும் வாரத்துக்கு ஒருமுறை முதலாளியின் ஆள் கொண்டுவந்து போடுவான், பழமும் பச்சைக் காய்கறியும் ரெண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றார்.

எத்தனை உருப்படி என்று கேட்டேன். ஆயிரத்துக்குமேல். தினமும் எப்படி எண்ணுவீர்கள்? அவர் வெளியே கைகாட்டினார். நூறு வெள்ளை ஆட்டுக்கு ஒரு கறுப்பு ஆடு சேர்த்திருக்கிறார்கள். கறுப்பை மட்டும் எண்ண வேண்டும். கணக்குச் சரியாக இருந்தால் மந்தை முழுசாக இருக்கிறது. ஒன்று குறைந்தால், அதோடு ஒரு கூட்டமே பிரிந்து போயிருக்கும். அன்று அவர் பதினொரு கறுப்பு எண்ணி முடித்த பிறகுதான் அடுப்புப் பற்றவைத்தாராம். கிடையில் ஒவ்வொன்றாக முதுகைத் தொட்டு எண்ணிய அப்பாவுக்கு இதைச் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது.

அவர் திருப்பிக் கேட்டார்: உங்கள் ஊரில் மேய்ச்சலுக்கு யார் யாருக்குக் காசு கொடுப்பார்கள்? வயலில் கிடை போட்டால் சாணத்துக்காக வயல்காரர்தான் கீதாரிக்குக் கொடுப்பார், பணமாகவோ நெல்லாகவோ என்றேன். அவர் நம்பவில்லை. அண்ணன் மகள் தப்பாக மொழிபெயர்க்கிறாள் என்று நினைத்து மறுபடி மறுபடி கேட்டார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். இங்கே முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுகிறார். நான் போயிருந்த சமயத்தில், ஐந்து ஆடு ஒரு மாதம் மேய 1.35 டாலர். விதிப்படி அதற்குக் கீழே இறங்கவே முடியாத தொகை அது.

அவருடைய கூலியை நான் கேட்கவில்லை. கேட்டது அண்ணன் மகள். பண்ணை வேலைக்குக் கொடுக்கிற ஹெச்-2ஏ விசாவா என்று ஆரம்பித்தாள், அவ்வளவுதான், என்னை மறந்துவிட்டார்கள். இவளுடையது ஹெச்-1பி. அவருக்கு மூன்று வருசம் முடிந்தால் நாட்டைவிட்டுப் போய்த் திரும்ப வேண்டும். இவளுக்கு ஆறு வருசக் கெடு. ரெண்டு பேருக்கும் முதலாளி கைவிட்டால் விசா போச்சு. எந்தக் காகிதம், எத்தனை மாதம், தூதரகத்தில் என்ன கேட்டார்கள் என்று அடுப்படியில் பேச்சு நீண்டுகொண்டே போனது. திரும்பி வரும்போதுதான் எனக்குச் சொன்னாள். மாதம் ரெண்டாயிரம் டாலரை ஒட்டி வருகிறதாம். 2015-ல் விதி மாறும்வரை பல மாநிலங்களில் 750 டாலர்தான். மாற்றிய விதியும் வாரத்துக்கு 48 மணிநேர வேலை என்று வைத்துத்தான் கூலியைக் கணக்குப் போடுகிறது. அவரோ ராத்திரியும் பகலும் மந்தையோடு இருக்கிறார். "ஞாயித்துக்கிழமை லீவு உண்டான்னு கேட்டேன் அத்தை. ஆடுகளுக்கு உண்டான்னு கேட்டார்" என்றாள். காலையில் இருந்த குரல் இல்லை அது.

மறுநாள் ஈலி போகும் வழியில் ஒரு சரிவில் ஒரு குடும்பம் பின்யன் பைன் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தது. ஷோஷோனி மக்கள். அவர்களில் மூத்த அம்மாள் எங்களுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தார். வறுத்த நிலக்கடலையைவிட மெதுவாக, இனிப்பாக இருந்தது. இந்த நிலத்தை நாங்கள் யாருக்கும் விற்கவில்லை என்று சாதாரணமாகச் சொன்னார். 1863-ல் ரூபி பள்ளத்தாக்கில் போட்ட உடன்படிக்கையில் மேற்கு ஷோஷோனிகள் வெள்ளையர்கள் வழிநடக்கச் சம்மதித்தார்களே தவிர, நிலத்தை எழுதிக்கொடுக்கவில்லை. மேரி டான், கேரி டான் என்ற ரெண்டு ஷோஷோனிச் சகோதரிகள் இதே நெவாடாவில் அனுமதிச் சீட்டு வாங்காமல் மாடு மேய்த்ததற்காக, 1974-ல் அரசாங்கம் அத்துமீறல் வழக்குப் போட்டது. மக்கள் கையில் வாங்காத 2.6 கோடி டாலரைக் கணக்கில் போட்டதாலேயே இழப்பீடு கொடுத்தாகிவிட்டது என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. யாரையும் கேட்காமல் நான் படுத்துத் தூங்கிய மண்ணில்தான், அந்தச் சகோதரிகளின் மாடுகளை ஜப்தி செய்து ஓட்டிப்போயிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு "இலவசம்" என்று அந்த இடத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆனாலும் அந்த நிலம் திறந்தே இருக்கவேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். ஊர் பேர் கேட்காமல், என்ன ஜாதி என்று கேட்காமல் ரெண்டு பெண்கள் போய்ப் படுக்க ஒரு இடம் இருப்பது பெரிய காரியம். நான் திரும்பி வந்த பிறகு, 2025 ஜூனில், மேற்கு மாநிலங்களில் இருபது முப்பது லட்சம் ஏக்கர் பொதுநிலத்தை விற்கும் திட்டத்தை யூட்டா செனட்டர் மைக் லீ கொண்டுவந்தார். வேட்டைக்காரர்கள், முகாம் போடுகிறவர்கள், அவருடைய கட்சிக்காரர்களே எதிர்த்தார்கள். மாதக் கடைசியில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எங்கள் ஊர் மேய்க்கால் போனபோது கேட்க இத்தனை பேர் இல்லை.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நயாகராவைப் பார்த்த பிறகும் நாள் இருந்தால் நெவாடாப் பக்கம் போங்கள். குடிதண்ணீரைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை நாய்களோடு மந்தை வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்காமல் உள்ளேயே இருங்கள், மேய்ப்பர் வருவார். அவருக்குக் கொடுக்க ஆப்பிளும் ஆரஞ்சும் தக்காளியும் ஒரு பையில் போட்டு மறக்காமல் கொண்டுபோங்கள்.