இஞ்சியின் எதுகை

எர்ணாகுளத்திலிருந்து காயலைக் கடந்து வரும் படகு சென்றடையும் துறைகளுள் ஒன்று மட்டாஞ்சேரி. ஆங்கில எழுத்தில் அவ்வூர்ப் பெயரின் ஈற்றில் 'செர்ரி' நிற்கிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்த காது அதனை உடனே 'ஃபெர்ரி'யோடும் 'பெர்ரி'யோடும் சேர்த்துவிடும். முன்னது படகு, பின்னது சிறுகனி. தமிழோ மலையாளமோ அறிந்தவருக்கு அது சேரி, மக்கள் சேர்ந்து வாழும் இடம். ஒரு சொல்லின் ஒலிச்சுற்றம் மொழிக்கு மொழி மாறுகிறது.

ஒலியொத்த சொற்களைப் பொருளோடு தொகுக்கும் வழக்கம் இரு மொழிகளிலும் உண்டு. தொகுக்கும் முனைதான் வேறு. 1775இல் இலண்டனில் ஜான் வாக்கர் வெளியிட்ட அகராதி, சொற்களை இறுதி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கியது. தமிழில் அதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கும் முன்னரே மண்டல புருடர் தம் சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதியில், பல பொருள் தரும் சொற்களைக் ககர எதுகை முதலாக, இரண்டாம் எழுத்தின் வரிசையில் நிறுத்தினார். திண்ணைப் பள்ளி மாணவர் அதனை மனப்பாடம் செய்தனர். அங்கே சொல்லின் வால், இங்கே அதன் கழுத்து.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் சரக்குகளை இவ்விரு முறைகளிலும் அடுக்கிப் பார்க்கலாம். 'கொச்சி இஞ்சி' உலகச் சந்தையில் தனிப்பெயர் பெற்ற சரக்கு. ஈற்றெழுத்துகளை மட்டும் நோக்கின், ஆங்கிலத்தில் ஜிஞ்சர், சிங்கர், ஃபிங்கர் மூன்றும் ஒரே குடும்பம். இஞ்சி, பாடகர், விரல். ஒலித்துப் பார்த்தால் மூன்றும் மூன்று வழி. முதலாவதில் ஞகரமும் ஜகரமும். இரண்டாவதில் தனி ஙகரம். மூன்றாவதில் ஙகரத்தை அடுத்துக் ககரம். இஞ்சியின் உண்மையான இயைபுத் துணை, எழுத்தில் சற்றும் ஒவ்வாத இன்னொரு சொல்: காயப்படுத்துதல் எனப் பொருள்படும் 'இஞ்சர்'.

கயிறு தரும் வேடிக்கை இதனினும் பெரிது. மலையாளக் 'கயர்' ஆங்கிலத்தில் தேங்காய் நாரைக் குறிக்கும் 'கொயர்' ஆயிற்று. தேவாலயப் பாடற்குழுவுக்குரிய ஆங்கிலச் சொல்லில் அதனினும் ஓரெழுத்தே கூடுதல், ஒலியோ 'க்வயர்'. கண்ணுக்கு இயைபு, காதுக்கு இல்லை. கொப்பரையில் இது தலைகீழ். இலண்டன் உச்சரிப்பில் 'கொப்ரா'வும் இசைநாடகமாகிய 'ஒப்ரா'வும் பிசிறின்றி இயைகின்றன. எழுத்தில் அதன் சாயலே இல்லை. பின்னதனை 'ஓபெரா' என மூவசையாக ஒலிக்கும் நம் நாட்டு ஆங்கிலத்தில் அவ்வியைபும் மறைந்துவிடும். இயைபுச் சொற்களின் பட்டியல் எதுவும் யாரோ ஒருவருடைய வாயிலிருந்து எழுதப்பட்டதே. பாடநூல்கள் இதனைச் சொல்வதில்லை.

இனி எதுகை. இஞ்சி – ஜிஞ்சர்: இரண்டாமெழுத்து ஞகர ஒற்று, முன்னே குறில். தேக்கு – டீக்: ககர ஒற்று, முன்னே நெடில். கொப்பரை – கொப்ரா: பகர ஒற்று. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பல வாய்கள் மென்ற பின்னும் எதுகை கெடவில்லை, தேய்ந்தது ஈறு. கயர் மட்டும் இரு முனைகளையும் காப்பாற்றிக்கொண்டது, கயிறல்லவா! இஞ்சியின் பயணமோ இவற்றினும் நெடியது: பாலி, கிரேக்கம், இலத்தீன் எனப் பல படிகள். வடமொழி அதனைச் 'சிருங்கவேரம்' ஆக்கிக் கொம்பு என்னும் பொருளையும் ஏற்றிவைத்தது. ஆலன் ராஸ் 1952இல் இவ்வொரு சொல்லுக்கென்றே ஒரு நூல் எழுதினார். நான்கு சொற்களைக் கொண்டு விதி வகுக்க இயலாது என்பதும் உண்மை. கடன்சொல்லின் ஈறு தேய்வது பல மொழிகளில் காணப்படுவதே.

எனினும், எதுகை ஏன் முன்பகுதியைப் பற்றிக்கொள்கிறது என்னும் கேள்வி எஞ்சுகிறது. வந்தான், சென்றான், உண்டான்: தமிழில் ஈற்றொலி ஒப்பது விகுதியின் கொடை, அதில் புலவனின் உழைப்பு சிறிதே. வந்தான் – தந்தான் என இணைப்பதற்கே தேடல் வேண்டும். விகுதிகளைப் பெரிதும் உதிர்த்துவிட்ட ஆங்கிலத்தில் ஈறே சொல்லின் தனி அடையாளம். அங்கே இயைபு அருமையானது. ஒட்டுநிலை மொழி எதுகையை விரும்பியதற்கு இது ஒரு காரணம் எனக் கொள்ளலாம். லீலாதிலகம் பாட்டுக்கு இலக்கணம் கூறும்போது எதுகையையும் மோனையையும் கேட்டதும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கேரள வர்ம வலிய கோயித்தம்புரானும் அவர் மருமகன் ஏ.ஆர். ராஜராஜ வர்மாவும் இரண்டாமெழுத்துப் பிராசம் கவிதைக்கு இன்றியமையாததா என்று எதிரெதிரே நின்றதும் இந்தப் பின்னணியில் வைத்து நோக்கத்தக்கவை.

இவ்வழக்கு இன்றும் முடியவில்லை; ஆங்கில வகுப்பறையில், எதிர்வாதம் செய்ய இயலாத சிறுவர்மீது நடக்கிறது. ஒலியொத்த சொல் கேட்டால் 'பட்டன் – பட்டர்' என எழுதும் குழந்தை பெறுவது சிவப்புக் கோடு. பொத்தானும் வெண்ணெயும் ஆங்கிலத்தில் இயையா என்பது சரியே. ஆனால் அக்குழந்தையின் காது டகர எதுகையைப் பிழையறக் கேட்டிருக்கிறது. அதற்கு ஒலியுணர்வே இல்லை எனத் தீர்ப்பெழுதுவது அநீதி. அத்தீர்ப்பை நம்பிக் கவிதையைவிட்டே விலகியவர் பலர். எது கேட்கப்படுகிறது என்பதைச் சொல்லிவிட்டால் சிக்கல் தீரும்: கழுத்தைப் பார்த்தால் பட்டன் – பட்டர், வாலைப் பார்த்தால் பட்டர் – மட்டர், அதாவது வெண்ணெயும் முணுமுணுப்பும். கழுத்தும் வாலும் ஒருசேர வேண்டுமென்றால், மட்டாஞ்சேரி உணவகங்களில் மணக்கும் மட்டன், பட்டனுக்கு இரு வழியிலும் உறவு.