கெழக்கா, மேற்கா?

2006 ஜூன் மாதம் துபாயில் வந்து இறங்கினேன். ராத்திரி பதினோரு மணி. ஏர்போர்ட் கதவு திறந்ததும் நெல் அவிக்கிற அண்டாவின் மூடியைத் திறந்தமாதிரி ஆவி மூஞ்சியில் அடித்தது. வெயில் நமக்கென்ன புதுசா, விழுப்புரம் மாவட்டத்துக் கத்திரியில் செங்கல் சூளையில் கல் அறுத்த உடம்புதானே என்றிருந்தேன். மறுநாளே அந்த நெனப்பு போச்சு.

கம்பி கட்டுற வேலை. வெயிலில் கிடந்த கம்பி கையுறைக்குள்ளேயும் சுடும். மூன்றாம் நாள் கண் இருட்டி உட்கார்ந்துட்டேன். பக்கத்தில் வேலை செய்த பெஷாவர்க்காரர், தான் வாய்வைத்துக் குடித்துக்கொண்டிருந்த உப்பு மோர் பாட்டிலை அப்படியே என் வாயில் வைத்தார். அப்போது எனக்கு வயசு 24. எங்க தெருவைத் தாண்டி ஒருத்தர் வாய்வைத்ததை எனக்குக் குடிக்கத் தந்தது அதுதான் முதல் தடவை. ஆண்டை வயலில் எங்கம்மா கொட்டாங்குச்சியில் கஞ்சி வாங்கிக் குடித்ததைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன்.

மெல்ல வெயிலைப் படித்தேன். தாகம் எடுப்பதற்கு முன்னாலேயே தண்ணி குடிக்கணும். மூத்திரம் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. கேம்ப் மொட்டை மாடியில் டேங்க் காய்ந்து, பகல் பூரா பைப்பில் வெந்நீர்தான் வரும். முந்தின ராத்திரியே வாளியில் பிடித்து ஏசி ரூமில் வைத்தால்தான் காலையில் குளிக்க முடியும். ஜூன் 15லிருந்து செப்டம்பர் 15 வரை மதியம் 12.30லிருந்து 3 மணி வரைக்கும் வெயிலில் வேலை வாங்கக் கூடாதென்று இங்கே சட்டம். வெயிலுக்காக வேலையை நிறுத்துவார்கள் என்பதையே இங்கேதான் தெரிந்துகொண்டேன். எங்கம்மா நாற்று நட்ட எந்த வயலிலும் அப்படியொரு மணி அடித்ததில்லை.

ரூமில் எட்டுப் பேர். அதில் தமிழ் ஆட்கள் நாலு பேர், ஒரே சமையல். வெள்ளிக்கிழமை மீன் குழம்பு என் பொறுப்பு. மூன்றாம் மாதம் மூத்தவர் கேட்டார்:

“தம்பி, ஊர்ல எந்தப் பக்கம்?”

“பஸ் ஸ்டாண்டுப் பக்கம்ணே.”

“ஸ்டாண்டுக்குக் கெழக்கா, மேற்கா?”

கிழக்கே காலனி. நான் “மேற்கு” என்றேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை. கடல் தாண்டி வந்து எங்கம்மாவை மறைச்சிட்டேனே என்று அறுத்தது. ஒரு வாரம் பொறுத்து, சாப்பிடும்போது சொன்னேன்: “கெழக்குதாண்ணே. காலனி.”

யாரும் சத்தம் போடலை. தட்டைக்கூடத் தள்ளலை. அடுத்த வெள்ளிக்கிழமை, “கணக்கு சரியா வரமாட்டேங்குது தம்பி, தனித்தனியாப் பொங்கிக்கலாம்” என்றார்கள். அவர்கள் மூணு பேருக்கும் ஒரே சட்டி. எனக்குத்தான் தனி. அதுவரை யார் வாளியை யார் வேண்டுமானாலும் எடுப்போம். அதுக்கப்புறம் என் வாளியில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு இருந்தது. யார் போட்டதென்று நான் கேட்கவில்லை.

வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் ஆகும் என்பார்கள். எனக்கும் பழகிவிட்டது. அந்தக் கோடு இன்னும் பழகவில்லை. இப்போது புதுசாக வரும் பையன்களுக்கு நான்தான் வெயில் பாடம் சொல்கிறேன். ஊர்ப் பெயர் கேட்பேன், தெரு கேட்க மாட்டேன். அவர்கள் கேட்பதற்குள் நானே முந்திக்கொள்கிறேன்:

“நான் கெழக்கு, காலனி. ஆறின தண்ணி என் வாளியில இருக்கு. வேணுங்கிறவங்க எடுத்துக்குங்க.”

எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுக்காமல் கொதிக்கிற தண்ணியிலேயே குளிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.