அம்புக்கு எதுக்குங்க ஸ்டிக்கர்?

பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டுவோம், ஆட்டோ முதுகில் ஒட்டுவோம், செல்போனையும் விட்டுவைப்பதில்லை. வில்வித்தைக்காரர்கள் அம்புக்கும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். கார்பன் அம்பின் வால் பக்கத்தில், இறகு ஒட்டுவதற்கு முன்னால், மெல்லிய வினைல் தாளைச் சுற்றி ஒட்டுவார்கள். அதன் மேல்தான் இறகு வரும். நீளம் பெரும்பாலும் 4 அங்குலம். கோடு போட்டது, புலித்தோல் மாதிரி, தீ எரிகிற மாதிரி என்று விதவிதமாக உண்டு. ஆங்கிலத்தில் 'ஆரோ ராப்' என்பார்கள். சுற்று ஸ்டிக்கர் என்றால் நமக்குப் புரியும்.

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் லோக்கல் ட்ரெயின் ஏறி வில் பயிற்சிக்குப் போகிற ஒரு கல்லூரி மாணவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திருநின்றவூர் தாண்டுவதற்குள் கூட்டம் ஏறிவிடும். தோளில் வில் பை, கையில் அம்புக் குழாய். குழாய்க்குள் இருப்பது ஒரு டஜன் அம்பு. வீட்டில் கெஞ்சிக் கேட்டு வாங்கியது. ஒன்று உடைந்தால் கடைக்கு ஓடிப்போய் இன்னொன்று வாங்கிவிட முடியாது. அப்படியே வாங்கினாலும் அதே எடை, அதே விறைப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் மற்ற பதினொன்றோடு சேராது. இவன் ஸ்டிக்கர் ஒட்டலாமா, வேண்டாமா? அழகு சம்பந்தப்பட்ட கேள்வி மாதிரி தெரியும். ஆனால் அழகு இதில் கடைசி விஷயம்.

முதல் விஷயம் அடையாளம். ஒலிம்பிக்கில் ரிகர்வ் வில்லுக்கு இலக்கு 70 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. இலக்குத் தாளின் குறுக்களவு 122 செ.மீ., பத்து மதிப்பெண் வட்டம் வெறும் 12.2 செ.மீ. உள்ளூர்ப் போட்டிகளில் ஒரே பலகையில் பல பேருடைய அம்புகள் குத்தி நிற்கும். எல்லாத் தண்டும் கறுப்பு. ஒன்பதில் நிற்பது யாருடையது, ஏழில் நிற்பது யாருடையது? இங்கேதான் சண்டை வரும். அதனால்தான் உலக வில்வித்தை அமைப்பின் விதி, ஒவ்வொரு அம்பின் தண்டிலும் வீரரின் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும் என்கிறது. ஒரு சுற்றில் எய்கிற அம்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இறகின் நிறம், நாக்கின் நிறம், தண்டில் உள்ள கோடுகள் உட்பட.

இது நமக்குப் புதுசு ஒன்றும் இல்லை. கம்பராமாயணத்தில் வாலி தன் மார்பில் பாய்ந்த அம்பைப் பிடித்து இழுத்து, அதில் இருக்கிற ராமன் பெயரைப் படிக்கிறான். எய்தவன் மறைந்து நின்றான். ஆனால் அம்பு அவன் பெயரைச் சொல்லிவிட்டது. அதற்கப்புறம்தான் வாலி கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். அம்பில் பெயர் போட்டவன் பதில் சொல்லியாக வேண்டும் என்பதுதான் அங்கே விஷயம்.

இரண்டாவது விஷயம் பிளேடு. இறகு கிழிந்தால் பழசைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு ஒட்ட வேண்டும். கார்பன் தண்டில் நேரடியாக ஒட்டியிருந்தால் பசையைச் சுரண்டும்போது கத்தி இழைகளையும் சேர்த்து வெட்டிவிடும். சுற்று ஸ்டிக்கர் இருந்தால் அந்தத் தொல்லை குறைவு. வால் பகுதியைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் காட்டினால் பசை இளகி, இறகோடு சேர்ந்து ஸ்டிக்கரே உரிந்து வந்துவிடும். கொதிக்கிற தண்ணீர் மட்டும் வேண்டாம். இழைகளைப் பிடித்து வைத்திருக்கிற ரெசினுக்கு அதிகச் சூடு ஆகாது.

இன்னொரு லாபமும் உண்டு. இலக்கைத் தவறவிட்ட கறுப்பு அம்பு புல்லுக்குள் போனால் தேடுவது பெரிய பாடு. பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ சுற்றியிருந்தால் கண்ணில் பட்டுவிடும். உடைந்த கார்பன் துண்டை யாராவது வெறுங்காலில் மிதித்தால் சிராய் ஏறும். ஆகவே தேடி எடுப்பது காசு மிச்சப்படுத்துகிற விஷயம் மட்டும் இல்லை.

மூன்றாவது எடை. இங்கே ஸ்டிக்கர் கொஞ்சம் தோற்கிறது. அம்பு ஒழுங்காகப் பறக்க முன்பக்கம் பாரம் வேண்டும். 28 அங்குல நீளமும் 350 கிரெய்ன் எடையும் உள்ள ஓர் அம்பு வாலிலிருந்து 18 அங்குலத்தில் சமநிலையில் நிற்கிறது என்று வையுங்கள். நடுப்புள்ளியைவிட 4 அங்குலம் முன்னால், அதாவது 14.3 சதவீதம். வாலில் 8 கிரெய்ன் ஸ்டிக்கர் சேர்த்தால் சமநிலைப் புள்ளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்குலம் பின்னால் வரும். 14.3 என்பது 13 ஆகிவிடும். 8 கிரெய்ன் என்பது அரை கிராம்தான்! ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் ஆறு அம்புக்கு ஒட்டி ஆறு அம்பை விட்டுவிட்டால் இரண்டு கோஷ்டி ஆகிவிடும். ஒட்டினால் எல்லாவற்றுக்கும் ஒட்ட வேண்டும், பிறகு வில்லின் சைட்டைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

சரி, எங்கே கிடைக்கும்? இதற்கென்றே அச்சடித்து விற்கிறார்கள். கையில் காசு குறைவாக இருந்தால் வண்டிகளுக்கு ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கர் கடையில் வெட்டி வாங்கலாம். 5.5 மி.மீ. தண்டின் சுற்றளவு 17.3 மி.மீ. ஓரம் ஏறி ஒட்ட இரண்டு மி.மீ. சேர்த்து 19 என்று சொன்னால் போதும். சாதா மெல்லிய வினைல் கேளுங்கள். இரவில் மின்னுகிற வகை தடிமன், எடையும் கூடும். தண்டை ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்து, மவுஸ் பேட் மேல் ஸ்டிக்கரைப் பசைப்பக்கம் மேலாக வைத்து, அம்பை ஒரே சீராக உருட்டினால் குமிழ் இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். சூப்பர் குளூ வகைப் பசை காற்றில் உள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. அதனால் மழைக்காலத்தில் இறகு ஒட்டுகிறவர்கள் கையைச் சீக்கிரம் எடுப்பது நல்லது :)

விதியில் இதற்கும் அளவு உண்டு. தண்டு 9.3 மி.மீ.க்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது. சுற்று ஸ்டிக்கரை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, நாண் உட்காருகிற இடத்திலிருந்து 22 செ.மீ.க்குள் அது முடிந்துவிட்டால்.

இனி வருவதுதான் முக்கியம். நன்றாக எய்கிறவனுடைய அம்புகள் நெருக்கமாகக் குத்தும். ஏற்கனவே பலகையில் நிற்கிற அம்பின் வாலில் அடுத்த அம்பு மோதும். அடி விழுகிற இடம் வால், ஸ்டிக்கர் இருக்கிற இடமும் வால். மேலே தீயும் புலியும் பளபளப்பாக இருக்கும், அடியில் கார்பன் விரிசல் விட்டிருக்கும். அந்த அம்பை வில்லில் பூட்டி விட்டால், நாண் தள்ளுகிற வேகத்தில் அது கைக்கு அருகிலேயே நொறுங்கலாம். கார்பன் சிராய் வில்லைப் பிடித்த கையில் ஏறும். ஆஸ்பத்திரியில்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

எனவே, எய்வதற்கு முன் அம்பின் இரண்டு முனையையும் பிடித்து, முகத்தை விட்டு விலக்கி, லேசாக வளைத்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டால், விரலில் ஏதாவது தட்டினால், தூக்கிப் போட்டுவிட வேண்டும். வாலில் அடி வாங்கிய அம்பு என்றால் ஸ்டிக்கரை உரித்துத் தண்டைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி எய்ய வேண்டும். "நல்ல ஸ்டிக்கர் போச்சே" என்று தோன்றும். தோன்றட்டும். ஸ்டிக்கர் போனால் சில ரூபாய், உள்ளங்கை போனால் வில்லே பிடிக்க முடியாது.

அந்த ஒரு டஜன் அம்பில் ஒன்று இப்படிக் குறைந்து பதினொன்று ஆகும்போது மனசு வலிக்கத்தான் செய்யும். வீட்டில் மறுபடி கேட்க வாய் வராது. ஆனாலும் அதில் எழுதியிருப்பது அவனுடைய பெயர். அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதும் அவன்தான்.