முறுக்குக்கால் நாற்காலி

மத்திகிரி பக்கம் வீடு கட்டி குடியும் வந்தாச்சு மக்களே. சாப்பாட்டு ரூம் பத்துக்குப் பதினொண்ணு. அதுல 'பரோக்' ஸ்டைல் டைனிங் செட் போடணும்னு தங்கமணி உத்தரவு. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர்ல ஒரு கடையில போய் பாத்தோம். ஏழடி மேஜை, எட்டு நாற்காலி, திரும்பின பக்கமெல்லாம் தங்கக்கலர் பூவேலை. தட்டிப் பாத்தா மரச்சத்தமே இல்லை, அச்சுல வார்த்த பிசின்! விலையைக் கேட்டதும் நான் குடிக்கத் தண்ணி கேட்டேன் :-)

டேப்பை வெச்சுக் கணக்குப் போட்டேன். பதினொரு அடி ரூம்ல ஏழடி மேஜை போட்டா ரெண்டு தலைமாட்டுலயும் ரெண்டடிதான் மிச்சம். நாற்காலியை இழுத்தா சுவத்துல முட்டும். அதைவிட முக்கியம், எந்த நாற்காலிக்கும் கைப்பிடி இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. கையை ஊனாம எந்திரிக்க முடியாது.

சரி, இந்த பரோக் எங்கேர்ந்து வந்துச்சு? 1600 வாக்கில் இத்தாலியில ஆரம்பிச்ச பாணி. நேர்க்கோடுன்னா ஆகாது, எல்லாம் வளையணும், முறுக்கணும், மினுங்கணும். ரோம்ல புனித பேதுரு ஆலயத்துல பெர்னினி 1624-லேர்ந்து 1633 வரைக்கும் செஞ்ச வெண்கல மண்டபத்தோட தூண்களைப் பாருங்க, கயிறு மாதிரி முறுக்கிட்டு நிக்கும்.

அதே நூற்றாண்டுல நம்ம சோழமண்டலக் கரையிலயும் தச்சர்கள் கருங்காலியில முறுக்குக்கால் நாற்காலி செதுக்கிட்டு இருந்தாங்க. பழவேற்காட்டுல 1613-ல கோட்டை கட்டி, 1658-ல நாகப்பட்டினத்தையும் பிடிச்ச டச்சுக்காரங்களுக்கு அதுமேல அவ்வளவு ஆசை. அப்படி ஐரோப்பாவுக்குப் போன நாற்காலிகளைத்தான் அடுத்த நூற்றாண்டுல ஹொரேஸ் வால்போல்ங்கிற இங்கிலாந்துப் பிரபு, தன் நாட்டுப் பழைய ட்யூடர் ராஜா காலத்துச் சரக்குன்னு நம்பி வாங்கி ஸ்ட்ராபெர்ரி ஹில் மாளிகையில போட்டார். நம்ம ஆசாரி கைவேலை சீமையில ராஜா வீட்டுச் சொத்தாயிடுச்சு!

இன்னொண்ணும் படிச்சேன். பதினாலாம் லூயி அரண்மனையில யாருக்குக் கைவெச்ச நாற்காலி, யாருக்கு முதுகில்லாத ஸ்டூல், யார் நிக்கணும்னு முறையே இருந்துச்சாம். ராஜா ராணி முன்னாடி ஸ்டூல்ல உக்கார்றதே டியூக் பொண்டாட்டிகளுக்குப் பெரிய கௌரவம். எங்க வீட்லயும் ஒரே ஒரு கைவெச்ச நாற்காலிதான், அது அப்பாவோடது. அம்மா எல்லாருக்கும் பரிமாறிட்டு அடுப்படித் தரையில உக்காந்து சாப்பிடுவாங்க. யாரும் முறைன்னு எழுதி வைக்கலை. ஆனா நாப்பது வருஷம் மாறவும் இல்லை.

அதனால முடிவு இப்படி. அஞ்சடியில சாதா தேக்கு மேஜை, சாதா நாற்காலி நாலு. தங்கமணிக்குத் தங்க ஃப்ரேம் போட்ட கண்ணாடி ஒண்ணு. பரோக் செலவு மொத்தமும் ஒரே ஒரு நாற்காலிக்கு. கருங்காலி மாலை விக்கிற விலையில நாற்காலிக்கு எங்க போறது? அதுவும் தேக்குதான்.

கிருஷ்ணகிரி ஆசாரி படத்தைப் பாத்துட்டு, "சார், இது கடைசல் மெஷின்ல மட்டும் வராது, கையாலதான் எடுக்கணும்"னார். கட்டையை உருட்டி, கயிறைச் சுத்தி, அது போன வழியில கோடு போட்டு, உளியால பள்ளம் எடுத்து அரம் போட்டார். முதுகுக்குப் பிரம்புப் பின்னல், ரெண்டு பக்கமும் அகலமான கைப்பிடி. உக்கார்ற உயரம் பத்தொன்பது இஞ்ச், முழங்காலுக்காக ஒரு இஞ்ச் கூட.

"எனக்கெதுக்குடா இது, அப்பா இருந்தா உக்காந்திருப்பாரு"ன்னாங்க அம்மா. ரெண்டு நாள் அதுல மடிச்ச துணிதான் உக்காந்துச்சு. மூணாம் நாள் பேத்தி கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சா.

இப்ப அம்மா எங்களோடதான் சாப்பிடறாங்க. ஆனா பாதிச் சாப்பாட்டுல ரசம் பரிமாறக் கிளம்பிடறாங்க. கைப்பிடியை ஊனி எந்திரிக்க இப்ப யார் துணையும் வேணாமே, அதான் பிரச்சினை :-)