வண்டி ஏன் நின்றது?

மன்ற மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் என் அறைக் கதவைத் தட்டியபோது, "எனக்குக் கவிதை வராது, கதையும் வராது, என்னிடம் இருப்பதெல்லாம் டீசல் நாற்றம்தான்" என்றேன். "அதையே எழுதும் ஐயா!" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஆகவே, நண்பர்களே, இந்தப் பக்கங்களில் நிலவையும் தென்றலையும் தேடுகிறவர்கள் இப்போதே அடுத்த கட்டுரைக்குத் தாவிவிடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் தாய்மாமனிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருக்கிறது. வயதில் அது எனக்கு இரண்டு ஆண்டு மூத்தது. போடிநாயக்கனூரில் எங்கள் தெருமுனையில் அதன் ஹாரன் கேட்டால் தூங்கும் குழந்தைகூட அது யாருடைய வண்டி என்று சொல்லிவிடும். எந்தக் கம்பெனியார் செய்தது என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் வண்டியின் மேல் குற்றமில்லை.

மாமாவுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு செல்வது. மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்தில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்து வழிவிட்டிருக்கிறது. கேரளத்துக்குள் நுழைவதே தெரியாது; தென்னந்தோப்பிலிருந்து தென்னந்தோப்புக்குப் போவது போலத்தான். மற்றொன்று, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறுவது. அது 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை. வெயில் காயும் ஊரிலிருந்து புறப்பட்டு, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் பல் கிட்டும் குளிரில் கொண்டுபோய் விடும். மோட்டார் வருவதற்கு முன், மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப் பாதையில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு வந்ததாம். இறங்குவதற்குக் கயிறு போதும். ஏறுவதற்கல்லவா எஞ்சின் வேண்டியிருக்கிறது!

சென்ற ஆண்டு டிசம்பர் விடுமுறைக்கு நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது மாமா முகம் வாடியிருந்தார். "மாப்பிள்ளை, வண்டி மலையில நிக்குதுப்பா. பாலக்காடு போனா ஒண்ணுமில்ல. மலையேறினா பாதியில மூச்சை விட்டுருது. கால் மணி நேரம் நிறுத்தி வச்சா மறுபடியும் ஓடுது" என்றார்.

மெக்கானிக்கல் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு இதைவிட நல்ல வரவேற்பு உண்டா? "இதற்கு முன் வண்டியில் ஏதாவது மாற்றினீர்களா?" என்று வைத்தியர் தோரணையில் கேட்டேன். "ஒண்ணும் மாத்தலையே" என்றார். நானும் தலையை ஆட்டினேன். இந்தக் கேள்வியையும் பதிலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நானும் உடன் சென்றேன். முந்தல் தாண்டி மலை தொடங்கியது. ஒன்பதாவது வளைவுக்குமேல் எஞ்சின் இரண்டு முறை விக்கியது, பிறகு நின்றுவிட்டது. மாமா சாவியைத் திருப்ப, நான் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பார்த்தேன். இதை மட்டும் சரியாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்றை இருபது மடங்குக்கு அழுத்தினால் அது கொதித்துப் போகும்; அதில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். கரும்புகை என்றால் டீசல் மிகுதி, அல்லது காற்றுக் குறைவு. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. எங்கள் வண்டியிலோ புகையே இல்லை. அப்படியானால் டீசல் போய்ச் சேரவில்லை.

டாங்கிலிருந்து வரும் பைப்பைப் பம்பின் அருகில் கழற்றினேன். "ஸ்ஸ்" என்று ஓர் ஓசை கேட்டது. மலைக்காற்று என்று நினைத்தேன். பைப்பைத் திரும்ப மாட்டி, ஃபில்டரின் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து ஏர் எடுத்தேன். நுரையும் குமிழியுமாக வந்தது. குமிழி நின்று சுத்த டீசல் வழிந்ததும் திருகை இறுக்கினேன். மாமா சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது! வண்டி மெட்டு வரையில் நிற்காமல் ஏறிற்று.

என் தீர்ப்பு தயாராகிவிட்டது. சமவெளியில் ஓடுகிறது, மலையில் நிற்கிறது. மலையில் பாரம் மிகுதி, டீசல் மிகுதியாக வேண்டும். அதைக் கொடுக்கப் பம்புக்குச் சக்தியில்லை. ஆகவே பம்பு தேய்ந்துவிட்டது. எவ்வளவு அழகான தர்க்கம்! தேர்வுத்தாளில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். பம்பையும் இன்ஜெக்டர்களையும் கழற்றிப் பட்டறைக்குக் கொடுத்தோம். செலவு 16,000 ரூபாய். அத்தையின் வளையல் ஒன்று அடகுக்குப் போனதை நான் பிறகுதான் அறிந்தேன்.

பம்பு திரும்பி வந்ததும் வண்டி பாலக்காட்டுக்குப் போய்வந்தது. எங்கும் நிற்கவில்லை. வீட்டில் எனக்குக் கறிச்சோறு. பாலக்காட்டுப் பாதையில் அது முன்பும் நின்றதில்லை என்பது, சோற்றுக்கு முன் உட்கார்ந்திருந்த எவர் நினைவுக்கும் வரவில்லை.

இனி சொல்லப் போவதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஏலக்காய்ப் பருவத்தில் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து விடியுமுன் பெண்கள் ஜீப்புகளில் மலையேறுவதைப் பார்த்திருப்பீர்கள். செடியின் அடித்தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும் காயைக் குனிந்தே எடுத்துவிட்டு, இருட்டும் வேளையில் இறங்குவார்கள். மாமா தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றிப் போகும் நாட்களில் மூட்டைகளின் மேல் ஒன்பது பெண்களையும் ஏற்றிக்கொள்வார். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். மாமாவுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜீப்பைவிடக் கூலியில் கொஞ்சம் மிச்சமாகும் என்பதால் எல்லோரும் பேசாமல் இருந்தோம்.

பம்பு மாற்றிய பிறகு முதல் மலைப்பயணம். காலை ஐந்தரை மணி, பனி இறங்கிக்கொண்டிருந்தது. பதினோராவது வளைவைத் திரும்பிச் செங்குத்தான இடத்தில் ஏறும்போது, அதே விக்கல். எஞ்சின் அணைந்தது.

இம்முறை வண்டி நிற்கவில்லை, பின்னோக்கி நகர்ந்தது. பிரேக்கை மிதிக்க நம் கால் மட்டும் போதாது. எஞ்சின் சுழலும்போது ஒரு சிறு பம்பு காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்குகிறது. அந்த வெற்றிடம்தான் பூஸ்டர் வழியாகக் காலுக்குத் துணை செய்கிறது. எஞ்சின் அணைந்தபின் இரண்டு மூன்று மிதிவரை அந்தத் துணை இருக்கும். அப்புறம் பெடல் கட்டைபோல் இறுகிவிடும். விக்கல் தொடங்கியதுமே மாமா பதற்றத்தில் பலமுறை மிதித்துவிட்டார். ஹேண்ட் பிரேக்கோ பெயருக்குத்தான் இருந்தது. பின்னால் ஒன்பது பேர். அவர்களுக்குப் பின்னால் தாழ்வான ஒரு கல்சுவர். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

மாமா முதல் கியரைத் தட்டிக் கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, தயங்கி, மேலும் ஓர் அடி நகர்ந்தது. கல் வைக்க நான் கதவைத் திறந்து குதிப்பதற்குள், பின்னாலிருந்து ஓர் அக்கா குதித்து, பாதையோரத்துக் கல்லைச் சக்கரத்தின் அடியில் தள்ளிவிட்டிருந்தார். எனக்குக் கால் நடுங்கிற்று. அவர் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பம்பு புதுசு, இன்ஜெக்டர் புதுசு, எப்படி நிற்கும்?" என்று நான் புலம்பினேன். மாமா பேசவில்லை. அப்போது அந்த அக்காதான் சொன்னார்: "தம்பி, நான் சொல்றேன்னு நெனைக்காதீக. அண்ணே டீசலு ரொப்ப ஊத்துன அன்னிக்குத்தேன் நிக்கிது. போன மாசம் ஒருநா கையில காசு இல்லேன்னு கொஞ்சமா ஊத்துனாக. அன்னிக்கி நிக்காமத்தேன் போச்சு."

எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றிற்று. டீசல் நிறைய இருந்தால் வண்டி நிற்குமா? ஆனால் அவர் கணக்கு வைத்திருந்தார். வண்டி நின்று தோட்டத்துக்குப் பிந்திப் போன நாளெல்லாம் அவருக்கு அரைநாள் கூலி போயிருந்தது. எந்த நாளில் போனது, எந்த நாளில் போகவில்லை என்பது அவர் மனத்தில் கல்வெட்டாக இருந்தது. மாமாவும் யோசித்தார். கேரளப் பக்கத்தில் டீசல் விலை மிகுதி என்று அவர் மலையேறும் முன் போடியிலேயே கழுத்துவரை நிரப்புவது வழக்கம். பாலக்காட்டுப் பயணத்தில் அந்த வழக்கமில்லை. வழியில் ஆயிரம், ஐந்நூறு என்று ஊற்றிக்கொள்வார்.

அவர் மெல்ல நடந்து போய் டாங்கு மூடியைத் திறந்தார். "ஸ்ஸ்ஸ்" என்று காற்று உள்ளே பாய்ந்தது. தொடர்ந்து டாங்கின் தகடு "டொக்" என்று வெளியே எழும்பிற்று. உள்வாங்கியிருந்த வயிறு, மூச்சு வந்ததும் நிமிர்ந்துவிட்டது.

டாங்கிலிருந்து டீசல் வெளியேற வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகத்தான் எங்கள் பழைய மூடியில் ஊசித் துளை ஒன்று இருந்தது. துளை இல்லாவிட்டால் என்ன ஆகும்? பாயில் 1662-இல் வெளியிட்ட விதியை நாம் பள்ளியிலேயே நெட்டுருப் போட்டிருக்கிறோம்: வெப்பம் மாறாதவரை, அடைபட்ட காற்றின் இடம் பெருகினால் அழுத்தம் குறையும். டாங்கைக் கழுத்துவரை நிரப்பினால் மேலே 4 லிட்டர் காற்றுக்குத்தான் இடம் என்று வையுங்கள். 2 லிட்டர் டீசல் எரிந்தால் அதே காற்று 6 லிட்டர் இடத்தில் பரவ வேண்டும்; அழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். பம்பு ஒரு பக்கம் இழுக்க, டாங்கு மறுபக்கம் இழுக்கும். பாதி டாங்கு டீசலோடு, 30 லிட்டர் காற்றோடு புறப்பட்டால், 5 லிட்டர் எரிந்த பின்னும் ஏழில் ஆறு பங்கு அழுத்தம் இருக்கும். பம்பு அதைச் சமாளித்துக்கொள்ளும். கால் மணி நேரம் காத்திருந்தால் மூடியின் மரை வழியாகக் காற்று கசிந்து போய்ச் சேரும், வண்டி ஓடும். அன்று நான் பைப்பைக் கழற்றியபோது கேட்ட "ஸ்ஸ்" மலைக்காற்று அல்ல, வண்டி மூச்சு வாங்கிய ஓசை. காரணத்தைத் தேடப் போய், அந்த வேளைக்கு நோயைத் தீர்த்துவிட்டு, தடயத்தையும் அழித்துவிட்டேன்!

அப்படியானால் துளையில்லாத மூடி எங்கிருந்து வந்தது? நண்பர்களே, அக்டோபரில் ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தபோது நான்தான் வாங்கினேன். இரவில் யாரோ டீசல் திருடுகிறார்கள் என்று மாமா குறைப்பட்டார். 250 ரூபாய் கொடுத்து, பூட்டும் சாவியும் தடித்த ரப்பர் வளையமும் உள்ள மூடி ஒன்று வாங்கி மாட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வேறு ஏதோ வண்டிக்கான மூடி. மரை பொருந்தியதே போதும் என்றிருந்தேன். "ஒண்ணும் மாத்தலையே" என்று மாமா சொன்னபோது அவரும் பொய் சொல்லவில்லை, நானும் மறைக்கவில்லை. மாற்றம் என்றால் எஞ்சினில் செய்வது என்று இருவரும் எண்ணியிருந்தோம்.

பாயில் விதியை மாமாவுக்கு அங்கேயே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "இதெல்லாம் பள்ளிக்கூடத்துலயே தெரியுமா உனக்கு?" என்றார். தெரியும் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

மூடியை இறுக்காமல் மேலே ஒரு துணியைக் கட்டிக்கொண்டு போனோம். பெண்கள் வண்டியில் ஏற மறுத்துச் செங்குத்து முடியும்வரை நடந்தே வந்தார்கள். தோட்டம் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. அன்றும் அரைநாள் கூலிதான். குறைந்த கூலியை ஈடு செய்ய மாமா பணத்தை எடுத்து நீட்டினார். சிலர் வாங்கிக்கொண்டார்கள், சிலர் வாங்கவில்லை. மாலையில் ஹேண்ட் பிரேக்குக்குப் புது வயர் போட்டோம். பழைய மூடியை மாட்டுத் தொழுவத்தில் கண்டெடுத்து, துளையில் அடைந்திருந்த மண்ணை ஊசியால் குத்தி எடுத்து மாட்டினோம். இனி மூட்டை மட்டும்தான், ஆள் கிடையாது என்று மாமா சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து நான் கல்லூரிக்குத் திரும்பும் விடியற்காலையில், ஜீப்புகள் நிற்கும் இடத்தில் அந்த அக்காவைக் கண்டேன். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களின் நடுவிலிருந்து தலையை நீட்டி, "ஏந்தம்பி, இந்த வண்டிக்கு மூடி சரியா இருக்கான்னு செத்த பாத்துட்டுப் போங்களேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் முறைத்தார்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் திறந்து பார்த்தேன். துளை இருந்தது.