கல்லின் வளர்வும் தேய்வும்

பழைய மாணவர் ஒவ்வொருவரும் தாம் ஈடுபட்ட துறையிலிருந்து சிறிது எடுத்துக் கூறுதல் விழா மலர்களில் நிலவும் நல்ல மரபாகும். பளிங்குகள் எவ்வாறு வளர்கின்றன, எவ்வாறு கரைகின்றன என்னும் வினாவே என் உழைப்பின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது. இதனை ஊரவர்க்கு விளக்கப் புகும்போது, “கல்லும் வளருமோ?” என்று நகைப்பர். வளரும், அவ்வளர்ச்சியை நாம் நாள்தோறும் கண்டும் வருகின்றோம். பாணியிலே தொங்கும் நூலிற் பனங்கற்கண்டு திரள்வதும், நம் கிணற்று நீர் கொதிக்குங் கேத்திலின் அடியில் வெண்சுண்ணம் படிவதும் பளிங்கு வளர்ச்சியே.

இவ்வளர்ச்சியில் அறிஞரை நெடுங்காலம் மயக்கிய புதிர் ஒன்றுண்டு. சுவர் கட்டுவோன் முடியாத வரிசையின் ஓரத்திலே அடுத்த கல்லை எளிதில் வைப்பான். அவ்வாறே துணிக்கைகளும் முற்றுப்பெறாத படையின் விளிம்பிலே சென்று பொருந்தும். படை முற்றுப்பெற்றபின் விளிம்பு ஏது? புதிய படையைத் தொடங்கப் பல துணிக்கைகள் ஒருங்கே கூடவேண்டும். இதற்குக் கரைசலோ ஆவியோ நிரம்பல் நிலையை நூற்றுக்கு 25க்கு மேலாகக் கடந்திருத்தல் வேண்டுமெனக் கணக்குக் கூறிற்று. ஆனால் அயடீன் பளிங்குகளோ ஏறத்தாழ 1 சதவீத மிகையிலேயே வளர்ந்தன.

1949ஆம் ஆண்டில் பிறிஸ்டல் நகரிலே சாள்ஸ் பிராங்க் என்னும் பௌதிக அறிஞர் இப்புதிரை விடுவித்தார். இயற்கைப் பளிங்கு எதுவும் பழுதற்றதன்று. அதன் அணுவரிசைகள் சிலவிடங்களில் முறுகி, சுழற்படிக்கட்டுப் போல அமைந்துள்ளன. அப்படியின் விளிம்பு எத்துணை துணிக்கைகள் வந்து சேரினும் முடிவதில்லை. சுழன்று சுழன்று மேலேறும். பளிங்கை வளரச் செய்வது அதன் பழுதே என்பது அவர் கண்ட முடிவு. அடுத்த ஆண்டிலேயே கிரிபின் என்பார் பெரில் பளிங்கின் முகத்தில் அச்சுருள்களைப் படம்பிடித்துக் காட்டினார்.

எனினும் அவை வளர்ச்சி நின்றபின் எஞ்சிய சுவடுகளே. வளரும்போதே காண்பதற்கு வேறொரு கருவி வேண்டியிருந்தது. 1986இல் பின்னிக், குவேற், கேபர் என்னும் மூவர் அணுவிசை நுணுக்குக்காட்டியை அமைத்தனர். இஃது ஒளியாற் காண்பதன்று, தடவிக் காண்பது. மெல்லிய தகட்டின் நுனியிலுள்ள கூரிய முள்ளொன்று பளிங்கின் முகத்தை வரிவரியாகத் தடவும். முள் ஏறியிறங்குந்தோறும் தகடு வளையும். அவ்வளைவுகளைக் கணித்து மேடுபள்ளங்களைப் படமாக்குவர். நீருக்குள்ளும் இது தொழிற்படும் என்பதே எங்கள் துறைக்குக் கிடைத்த பெரும்பேறு. 1992இல் கலிபோர்ணியாவிலே ஹன்ஸ்மா குழுவினர், கல்சைற்றுப் பளிங்கு கரைவதையும் வளர்வதையும் நிகழும்போதே படம்பிடித்தனர்.

அக்காட்சியைப் பிற்காலத்தில் நானும் பன்முறை கண்டிருக்கின்றேன். தூய நீர் பட்டதும் வழுவழுப்பான கல்முகத்திலே சாய்சதுரக் குழிகள் தோன்றும். ஒரு படியின் உயரம் ஏறத்தாழ 0.3 நனோமீற்றர், தலைமயிர்த் தடிப்பில் இரண்டு இலட்சத்திலொரு பங்கிலும் குறைவு. குழியின் இரண்டு பக்கங்கள் விரைந்தும் மற்றிரண்டும் மெல்லவும் பின்வாங்கும். வேண்டியவளவு கல்சியமும் காபனேற்றும் கலந்த நீரைச் செலுத்தினால், பின்வாங்கிய படிகள் முன்னேறத் தொடங்கும். சிறிதளவு மகனீசியம் சேரின் அம்முன்னேற்றம் தளரும். இவற்றுள் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது ஒன்று: ஆழமான குழிகள் பழுதுள்ள இடங்களிலேயே தோன்றின. வளர்ச்சிக்கு வாயிலான முறுக்கே கரைவுக்கும் வாயிலாயிற்று.

யாழ்ப்பாணத்தார்க்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. நம் குடாநாடு மயோசீன் காலத்துக் கடலிற் படிந்த சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. அக்கல்லின் பெரும்பகுதி கல்சைற்றே. மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கொண்டிறங்கும் மழைநீர், கல்லின் வெடிப்புகளை நாடிச் சென்று, ஊழிக்கணக்கிற் கரைத்து அகலமாக்கிற்று. நிலாவரைக் கிணறு அவ்வேலையின் பெருஞ்சான்று. ஆறில்லாத நாட்டிலே நாம் தோட்டஞ் செய்து வாழ்வது அவ்வெடிப்புகள் தேக்கித் தரும் நன்னீரால்.

ஆயின் வாயில் திறந்திருப்பது மழைக்கு மட்டுமன்று. தோட்டத்தில் மிகையாக இடும் உரமும், மலக்குழிகளின் கசிவும் அவ்வழியே இறங்குகின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுமீறியிருத்தலை ஆய்வாளர் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளனர். மிகுதியாக இறைத்தால் கீழிருந்து உவர்நீரும் மேலேறும். சுண்ணாம்புக்கல் தன்னைக் கரைத்து நீருக்கு இடங்கொடுக்குமேயன்றி, இறங்கும் நஞ்சை வடித்தெடுத்துத் தருவதில்லை.

அணுவளவிலே காணும் குழியும் ஆளிறங்கும் கிணறும் ஒன்றென நான் கூறவில்லை. எனினும் நீர் கல்லோடு உறவாடும் முறையைச் சிறிய அளவில் அறிந்தவன், பெரிய அளவில் அலட்சியமாயிருத்தல் அரிது. இன்று கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் தம்பிமாரிடம் வேண்டுவது இதுவே: விலையுயர்ந்த கருவி கைக்கு வருமளவும் காத்திராதீர்கள். உங்கள் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து ஒரு கொப்பியிலே குறியுங்கள். நீரைச் சோதிப்பித்து அதனையும் உடன் எழுதுங்கள். பத்தாண்டுக் குறிப்பு, இக்குடாநாடு இன்னும் எத்துணைக் காலம் தன் நீரைத் தானே குடிக்கலாம் என்பதை அறியத் துணைபுரியும்.